முந்நூற்று நாற்பது கிராம்

அந்தோனிதாஸ் அவசரத்தில் நிற்கிறார்.
முல்லைத்தீவிலிருந்து மூன்று பெட்டி பாரை,
மாங்குளம் சந்தி வெயிலில்
லொறியின் இடுக்குகளால் ஐஸ் ஒழுகுகிறது.
"குழாயை வெட்டிக் காத்திலை விடு பிள்ளை,
ஆருக்குத் தெரியப்போகுது?"

ஐம்பத்திரண்டு வயதிலும் நான் பிள்ளை.
பதில் சொல்லாமல்
மஞ்சள் குழாயை மாட்டுகிறேன்.
அமைச்சு தந்த மீட்பு இயந்திரம்
சளி பிடித்த நாய்போல இருமித் தொடங்குகிறது.
கொழும்பு ஏலத்தில் எடுத்த பழைய பிறீசர்.
கொம்பிறசர் இறுகிவிட்டது.
முதுகுத் தகட்டில் துருவுக்கடியில்
ஆர் பன்னிரண்டு.

கிளிநொச்சியில் இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள்.
ஒரு குளோரின் அணு
இலட்சம் ஓசோனைத் தின்னும் என்றார் விதானகே.
இனி இதை இறக்கக்கூடாது, விற்கக்கூடாது,
இருப்பதையும் வெளியே விடக்கூடாது,
வானத்தை நாங்கள்தான் காக்கவேண்டும்.
பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.
நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தது வேறு கணக்கு,
இரைச்சலை வைத்துத் தூரம் சொல்வோம்.
அந்த வசனத்தை மட்டும் பிரேமதர்ஷினி
கொஞ்சம் பிந்தித்தான் தமிழாக்கினாள்.

பிறகு படிவம்.
தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு:
உங்கள் பகுதியின் பாவனை, கிலோவில்.
இதிலிருந்துதான் குறைத்துக்கொண்டு வருவார்களாம்.
பூச்சியம் என்று எழுதினேன்.
பூச்சியம் போட்டால் கணினி திருப்பி அனுப்பும் அம்மா,
ஒரு ஐந்து கிலோ?

அந்த வருடங்களில்
கம்பிகளில் கரண்ட் இல்லை, காகம் இருந்தது.
பிறகு கம்பியும் இல்லை.
தாண்டிக்குளத்தில் ஒரு பட்டியல்:
பற்றரி, சீமெந்து, யூரியா.
சவர்க்காரத்தைக்கூட எண்ணித்தான் விட்டார்கள்.
உலகம் மெல்ல மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்ததை
எங்களை வாங்கவே விடவில்லை.

மல்லாவி ஆஸ்பத்திரியில் ஒரேயொரு பெட்டி,
மண்ணெண்ணெயில் எரிந்து குளிர்ந்தது.
வயிற்றில் அமோனியா.
ஓசோனோடு அதற்குப் பகையில்லை என்பது
அப்போது எனக்குத் தெரியாது.
உள்ளே போலியோ மருந்து மட்டும்,
தண்ணீர்ப் போத்தல் வைத்தால் தாதி அடிப்பாள்.
நீலச் சுடர் மஞ்சளானால்
திரியைக் கத்தரிப்பது என் வேலை.
நெருப்பு எப்படிக் குளிரும் என்று
அதன் பின்னால் குந்தியிருந்துதான்
இந்தத் தொழிலைப் படித்தேன்.

குறிப்பு என்ற கட்டம் சின்னது.
"கரண்ட் இல்லை" என்று எழுதினேன்.
பிரேமதர்ஷினி வாசித்துச் சொன்னாள்.
விதானகே பேனையை மூடினார், திறந்தார்,
அடியில் தன் கையொப்பத்தை வைத்தார்.
கணினி என்ன செய்ததோ.

இந்தத் தடை நல்லதுதான்.
இதைச் சொல்ல எனக்குப் பல மாதம் எடுத்தது.
அந்தச் சொல்லை வாயில் வைத்தாலே
சாம்பலில் துவைத்த சட்டை மணக்கிறது.

முள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.
சிலிண்டரைத் தராசில் வைக்கிறேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
கொப்பியில் திகதி, பெயர், எடை.
"உதுக்கே ஒரு மணித்தியாலம்?" என்கிறார் அந்தோனிதாஸ்.
உதுக்குத்தான்.
ஒரு பாரையைத் தூக்கி என் வாளியில் போட்டார்,
கோபமா நன்றியா தெரியவில்லை.

மாதக் கடைசியில் சிலிண்டர்கள் கொழும்புக்குப் போகும்.
சில தடவை நானும் லொறியில் ஏறுவேன்.
ஓமந்தையில் இப்போது யாரும் மறிப்பதில்லை,
சாரதி வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.
மடியிலிருக்கும் பத்திரத்தைத்தான்
கை தானாக எடுத்து
யன்னலோரம் பிடிக்கிறது.